நானூறு ஆண்டுப் பிசகு

சாக்கடலுக்குக் கிழக்கே
வாழைத் தோட்டங்கள் முடியும் இடத்தில் ஒரு மேடு.
ஔதாவின் ஆட்கள் அதன்மேல் ஆடு மேய்ப்பார்கள்,
இரவு தங்கமாட்டார்கள்.
லூத் நபியின் ஊரார் உள்ளே கிடக்கிறார்கள் என்பார்கள்.
அதற்குமேல் கேட்டால் தேநீர் ஊற்றுவார்கள்.

பணம் நெப்ராஸ்காவிலிருந்து வந்தது.
சோள வயல்களுக்கு நடுவே
நூற்றிருபது பேர் கொண்ட சபை;
கேக் விற்று, பழைய டிராக்டர் ஒன்றை ஏலம் விட்டு
போதகர் மெர்ல் ஹோஸ்டெட்லர் திரட்டிய காசு.
வானத்து நெருப்பு விழுந்த ஊர் இதுதான் என்று
ஒரு வரி போதும் அவர்களுக்கு.
நான் ஆமாம் என்று எங்கும் கையெழுத்திடவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.
எனக்கும் சம்பளம் வேண்டியிருந்தது.

பதினோராம் சதுரம், மூன்று மீட்டர் ஆழம்.
மண் கறுத்தது.
எரிந்த உத்திரம். வெடித்த சாடி.
ஔதா கரணையை வைத்துவிட்டு விரலால் தோண்டினான்.
ஓர் அடுப்பு; அதன் வயிற்றில்
யாரும் எடுத்துத் தின்ன வராத ரொட்டி,
கரிக்கட்டையாக.
ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தடம்.

அன்றிரவு நெப்ராஸ்காவில் ஆலயமணி அடித்தார்களாம்.

கரியை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஏழு வாரம் கழித்து
ஓர் எண் வந்தது, பக்கத்தில் கூட்டல் கழித்தலோடு.
போதகரின் கணக்குக்கு
நானூறு ஆண்டு முந்தியிருந்தது நெருப்பு.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம்.
மேட்டுக்குக் கீழே, என் கூடாரத்தில்,
டார்ச் வெளிச்சத்தில் அந்த எண்ணை
வசனம்போல இரண்டு தரம் வாசித்தேன்.

ஔதா அஸர் தொழுதுவிட்டு வந்தான்,
நெற்றியில் பதினோராம் சதுரத்தின் மண்.
"யார் எண்ணியது?"
"கரி தானே எண்ணிக்கொள்ளும்."
"நல்ல கரி" என்றான். பிறகு,
"மேட்டில் ஒரு ராத்திரி படுத்திருக்கிறீர்களா, டாக்டர்?"
படுத்ததில்லை.
மேலே காற்று அதிகம் என்றேன்.

போதகர் வந்தார். வெயிலில் வெந்த கழுத்து, உழவன் கை.
காகிதத்தைப் படித்தார், மடித்தார், மறுபடி விரித்தார்.
சண்டைக்கு வருவார் என்று
பிழைவரம்பு, வளைவரை எல்லாம் தீட்டி வைத்திருந்தேன்.
"அந்த ரொட்டியைப் பார்க்கலாமா?"

பஞ்சுப் பெட்டியைத் திறந்தேன்.
தன் கட்டைவிரலைத் தடத்தின்மேல்
தொடாமல் நிறுத்தினார்.
தடம் சின்னது. சிறுபிள்ளை, அல்லது ஒல்லியான பெண்.

"நாற்பது வருஷம் இவர்களைப் பிரசங்கித்திருக்கிறேன்,
எரியத் தகுந்தவர்கள் என்று.
அவர்கள் இவர்கள் இல்லையென்றால், இவர்கள் யார்?"
தெரியாது என்றேன்.
"என்ன செய்தார்கள்?"
ரொட்டி சுட்டார்கள்.
"ஏன் எரிந்தது?"
எண்ணெய்ச் சாடி கவிழ்ந்திருக்கலாம். படை வந்திருக்கலாம்.
பூமி குலுங்கியிருக்கலாம்.
கரிக்கு அது தெரியாது.

தொப்பியைக் கழற்றினார். உதடு அசைந்தது.
மன்னிப்பு என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.
அண்ணாந்து பார்த்துச் சொல்லவில்லை;
பெட்டிக்குள் பார்த்துச் சொன்னார்.

குளிர்காலத்தில் சபை பணத்தை நிறுத்தியது.
கடிதம் எழுதியிருந்தார்:
மூன்று குடும்பங்கள் போய்விட்டன, நான் போகவில்லை,
ஞாயிறுதோறும் அப்பம் பிட்கையில்
விரல் கொஞ்சம் தயங்குகிறது.

குழியை மணலிட்டு மூடினோம்.
கடைசி நாள் இரவு
கம்பளியைச் சுருட்டிக்கொண்டு மேட்டில் ஏறினேன்.
நட்சத்திரம். நாய்க்குரைப்பு. எங்கோ பம்புசெட்.
நடுநிசிக்குள் இறங்கிவிட்டேன்.

ஔதா விழித்திருந்தான், தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது.
"காற்று" என்றேன்.
"ஆமாம், காற்று" என்றான்.
வாழைத் தோட்டத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.