நாலாவது குழி

முதல் எல்.இ.டி. செத்தது
ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி.
போன் சார்ஜரின் ஐந்து வோல்ட்டை
நேராகக் கொடுத்துவிட்டேன்.
நீலமாய் ஒரு வெட்டு,
கருகிய புளியங்கொட்டை வாசம்,
இருபத்தெட்டு ரூபாய்.

அதற்குப் போதும் என்று சொல்லத் தெரியாது.
கொடுத்தால் குடிக்கும். குடித்தால் சூடேறும்.
சூடேறினால் இன்னும் கேட்கும்.
பக்கத்தில் ஒருத்தர் அளந்து ஊற்ற நிற்க வேண்டும்.
கோயமுத்தூர் கணபதியில், மோட்டார் பேனல் கம்பெனியில்
இரண்டு வருசம் ஈயம் வைத்தவள் நான்.
தெரிந்தேதான் அவசரப்பட்டேன்.

அவசரம், கறுப்பு பனியன்.
கறுப்புத் துணியில் கறுப்பு நூல்.
பிசிர் வெட்டப் பீசுக்கு நாற்பது பைசா,
வெள்ளைக்கும் அதே நாற்பதுதான்.
கத்திரி தடுமாறித் துணியைக் கடித்தால்
எழுபது ரூபாய் பிடித்தம்.
பெரிய விளக்காகப் போடலாம் என்றால்
அனுப்பர்பாளையம் லைன் வீட்டில்
யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிறார்
பொங்கியண்ணன்.

நவமணி வீட்டு செட் டாப் பாக்ஸ் இடியில் போனது.
அடாப்டர் பிழைத்தது:
பன்னிரண்டு வோல்ட், ஒரு ஆம்பியர்.
விளக்குக்கு மூன்று புள்ளி இரண்டு வீதம்
மூன்றை வரிசையாகக் கோத்தால் ஒன்பது புள்ளி ஆறு.
மிச்சம் இரண்டு புள்ளி நாலை
ஒரு ரெசிஸ்டர் தின்று தீர்க்க வேண்டும்.
காலண்டர் தாளின் முதுகில் வகுத்தேன்.
ஏழு ஓம் போதும்.
எட்டு புள்ளி இரண்டு போட்டேன்.
கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால்
நெடுநாள் உழைக்கும்.
எல்.இ.டி.க்கு மட்டும்தான் சொல்கிறேன்,
கூலி போடுகிறவர்கள் காதில் விழ வேண்டாம்.

சூட்டை வாங்க அலுமினியம் வேண்டும்.
பாத்திரம் தட்டும் ஊரில் தகட்டுக்குப் பஞ்சமில்லை,
பதினோரு மணிக்கு யார் கடை திறப்பார்?
இட்லிச் சட்டிக்குள் கையை விட்டேன்.
நாலு குழித் தட்டு.
வெள்ளைப் பசையைச் சுண்ணாம்பு போல் தடவி
குழிக்கு ஒன்றாய் மூன்றை உட்காரவைத்தேன்.
ஆவி ஏறும் துளைகளில் ஒயர் ஏறியது.

நாலாவது குழி யாருக்கு என்று கேட்டான் பையன்.
யாருக்கும் இல்லை, கண்ணு.
பன்னிரண்டில் நாலு ஏறாது, அவ்வளவுதான்.
அப்புறம் ரெசிஸ்டரை அங்கே படுக்கவைத்தேன்.
வெளிச்சம் தராமல் சுடுகிற வேலை அதற்கு.

கவிழ்த்துத் தொங்கவிட்டுச் சுவிட்சைத் தட்டினேன்.
கறுப்புக்குள் இருந்த கறுப்பு
தனியாக எழுந்து நின்றது.
கழுத்துப் பட்டியில் ஒன்று, அக்குளில் இரண்டு.
விடிவதற்குள் முந்நூற்றுப் பத்து.

மூன்றாம் நாள் பொங்கியண்ணன் வந்தார்.
"ஏனுங்கம்மா, ரோடு வரைக்கும் வெளிச்சம் அடிக்குது.
கொக்கி கிக்கி போட்டீங்களா?"
காத்தாடியை நிறுத்தினேன்.
நிறுத்த வேறொன்றும் இல்லை வீட்டில்.
சிவப்புப் புள்ளி மின்னட்டும் என்று
இருவரும் மீட்டர் முன்னால் நின்றோம்.
ஒரு நிமிசம். துண்டால் கழுத்தைத் துடைத்தார்.
இரண்டு. நவமணி எட்டிப் பார்த்தாள்.
மூன்று. அவிநாசி பஸ் ஒன்று ஊதிக்கொண்டு போனது.
நாலரையில்
வேண்டாவெறுப்பாய் ஒரு தடவை மின்னியது.
"மீட்டர் கெட்டுப்போச்சாட்ட இருக்குது."
"மீட்டர் உங்களுதுங்க."

வாசல் தாண்டியவர் திரும்பினார்.
"நம்ம கட்டுத்தரைக்கு இதாட்ட ஒண்ணு ஆகுமுங்களா?
மாடு கன்னு போடுற சமயம்."
"நானூத்தி இருவது ஆகுமுங்க. தட்டு உங்களுது."
"வாடகையில கழிச்சுக்கலாமே."
"கழிக்கறதெல்லாம் வேண்டாமுங்க,
கையில குடுத்துருங்க."

இட்லிச் சட்டியில் இப்போது இரண்டே தட்டு.
தினமும் ஒரு ஈடு கூடுதலாக ஊற்றுகிறேன்,
ஒறம்பரை வந்தால் மூன்று.
அந்த கேஸ் செலவை
இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.