முப்பது மில்லி ஆம்பியர்

முதலில் அந்த ஒயரைப் பிடுங்கினேன்.
சமையலறைச் சன்னல் வழியே இறங்கி
புல்லில் படுத்து
பப்பாளி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி
கொட்டகைக்குள் போயிருந்த ஆரஞ்சு ஒயர்.
நடுவழியில் ஓர் இணைப்பு.
ஈரம் படாதிருக்க
பிளாஸ்டிக் பையில் பொதிந்து
ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள்.
பிரித்தேன்.
அரைக் கரண்டி தண்ணீர்,
அதில் மிதக்கும் எறும்புகள்.

"எட்டு மாசமா இப்படித்தான்" என்றார் தவமலர் ஆன்ட்டி.
"இன்னும் யாரும் சாகல."

சிலேத்தார் ஹில்ஸில் ஓரத்து வீடு.
நான் வழக்கமாகப் போவது புளோக் வீடுகளுக்கு:
நீர்ச்சூடேற்றி, ஏர்கான்,
பத்தாவது மாடியில் பாதியில் நின்ற கூரைவிசிறி.
புல்வெளியைத் தோண்டும் வேலை
ஆண்டுக்கு ஒன்று வந்தால் அதிகம்.

என்னென்ன ஓடும் என்று கேட்டேன்,
சுமை தெரியாமல் கம்பி வாங்க முடியாது.
ஒரு விளக்கு, ஒரு விசிறி என்று ஆரம்பித்தார்.
பிறகு கெட்டில்.
பிறகு சோறாக்கும் பானை.
சின்ன ஃபிரிட்ஜ்.
எழுதிக்கொண்டே வந்தேன்.
"ஏர்கான்?"
"அதை அவரே வாங்கிக்கட்டும்."

கட்டிலைப் பிறகுதான் பார்த்தேன்.
மண்வெட்டிக்கும் உரமூட்டைக்கும் நடுவில்,
விரிப்பு மடிப்புக் கலையாமல்.

ரஃபிக்குல் இரண்டடி ஆழம் வெட்டினான்.
செம்மண், அதன் கீழே களிமண்,
அதன் கீழே யாரோ எப்போதோ புதைத்த கண்ணாடிப் போத்தல்கள்.
எஃகுக் கவசம் போட்ட கம்பியை இறக்கி
மணல் பரப்பி
மஞ்சள் எச்சரிக்கை நாடாவை நீட்டினோம்,
நாளை மண்வெட்டியோடு வருகிறவனுக்கு.

ராஜசிங்கம் வெளியே வந்தார்.
லுங்கி, கழுத்தில் மூக்குக்கண்ணாடி.
பள்ளத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
நடந்து பார்த்தார்.
"நல்ல கம்பியா?"
"நல்ல கம்பி அங்கிள்."
"அவளா காசு குடுக்கிறா?"
நான் மண்ணைப் பார்த்தேன்.

கொட்டகைக்கென்று தனியாக
ஒரு செப்புத் தண்டை நிலத்தில் அடித்தோம்.
ஒரே வீட்டுக்கு எதற்கு ரெண்டு எர்த் என்றார் ஆன்ட்டி.
"தூரம் இருக்கு ஆன்ட்டி" என்றேன்.
வேறெதுவும் நினைத்துச் சொல்லவில்லை.
அவர் உள்ளே போய்
தேநீர் எடுத்துவந்தார், மூன்று குவளை.
கொஞ்ச நேரம் நின்று,
நான்காவதைக் கொண்டுவந்து
கொட்டகைப் படியில் வைத்தார், தட்டாமல்.

சுவிட்ச் யார் பக்கம் என்று சண்டை வந்தது,
என் வழியாக.
அங்கிளுக்குக் கொட்டகையில் வேண்டும்.
ஆன்ட்டிக்குச் சமையலறையில்.
இரண்டு பக்கமும் வைத்தேன்.
யார் வேண்டுமானாலும் அணைக்கலாம்.
ஒருவர் மட்டும் ஏற்ற முடியாது.

"இது என்ன பண்ணும்?"
புதுப் பெட்டியில் இருந்த சின்னப் பொத்தானைத் தொட்டார்.
போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும்
சமமா என்று பார்க்கும் ஆன்ட்டி.
முப்பது மில்லி ஆம்பியர் குறைந்தாலும்
யாரோ உடம்பு வழியே ஒழுகுகிறதென்று
வெட்டிவிடும்.
"எங்கே போச்சுன்னு கேக்காதா?"
"கேக்க நேரமில்ல.
நெஞ்சு ஒருமுறை துடிக்கறதுக்குள்ள முடிக்கணும்."

அழுத்திப் பாருங்கள் என்றேன்.
அழுத்தினார்.
கொட்டகை இருண்டது.
தோட்டத்துக்கு அப்பாலிருந்து ஒரு கத்தல்:
"போச்சு!"
"தெரியும்!" என்று கத்தினார் இவர்.
மூன்று நாளில் நான் கேட்ட
அவர்களுடைய முதல் பேச்சு.

மாதம் ஒருமுறை சோதிக்கச் சொல்லி
கையெழுத்திட்டு, சான்றிதழ் கொடுத்து
வேனில் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது.
தகரக் கூரைக்கடியில் மஞ்சள் வெளிச்சம்,
அசையாமல்.

ஒன்றாம் தேதியானால் குறுஞ்செய்தி வருகிறது:
"அழுத்தினேன். உள்ளிருந்து சத்தம் கேட்டது. சரிதானே?"

சரி என்று அனுப்புகிறேன்.
இந்த மாதம்
"ரெண்டு தடவை அழுத்திட்டேன்" என்றிருந்தது.
அதனால் கெடுதலில்லை.
அதையும் அனுப்பினேன்.