நாற்பத்தேழாம் பக்கம்

சங்கக் குறிப்பேட்டில் நாற்பத்தேழாம் பக்கம் இல்லை.
கிழிக்கவில்லை; சவரக் கத்தியால்
ஓரம் பிசகாமல் எடுத்திருக்கிறார்கள்.

நூற்று இருபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு
வரலாறு எழுதித் தரச் சொல்லி
ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார்கள்.
நான்தான் செயலாளர், பதினோரு வருடமாக.
வேறு யாரும் கை தூக்குவதில்லை.
டப்பாவுக்குள் ஈரம் தின்ற மூன்று நோட்டுகள்,
பட்டாணி தொலைந்த ஒரு விசில்,
யாருடையதென்று தெரியாத ஒரு பல்.

க்ளூன்பாரா: ஒரு தெரு, ஒரு பாலம், நான்கு மதுக்கடை.
1899இல் கொல்லன் லேஸியின் பட்டறையில்
பதினேழு பேர் ஆளுக்கு ஆறு பென்ஸ் போட்டார்கள்.
முதல் செலவு: பந்து.
இரண்டாம் செலவு: பந்து.
முதலாவது ஆற்றோடு போயிற்று என்று ஓரத்தில் குறிப்பு.

ஒரு ஞாயிறு கால்பந்து, மறு ஞாயிறு ஹர்லிங்.
மட்டையை வைத்துவிட்டு வருவதும் அதே ஆட்கள்,
தோற்றுவிட்டு வருவதும் அதே ஆட்கள்.
குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று,
கீழே போனால் மூன்று.
எங்கள் பிள்ளைகளுக்குக் கூட்டல் வந்தது இப்படித்தான்.

நாற்பத்தாறில் 1923, கோடை; உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த சூடு ஆறவில்லை.
நாற்பத்தெட்டில் ஒரே வரி:
பதினைந்து பேர் சேரவில்லை, ஆட்டம் இல்லை.

நடுவில் இருந்தது என்ன?
கார்வன்களை விலக்கிய தீர்மானம் என்பார்கள் டூஹிகள்.
டூஹிகள் தின்ற பணத்தின் கணக்கு என்பார்கள் கார்வன்கள்.
1931 அரையிறுதி, கடைசி நிமிடம்,
கோலுக்கு முன்னால் தன்னந்தனியாக நின்றான் ஒரு கார்வன்.
பந்து இருந்தது ஒரு டூஹியிடம்.
அவன் நிமிர்ந்து பார்த்தான்,
பார்த்தபின்
ஆற்றுக்குள் அடித்தான்.
ஒரு புள்ளியில் போனது.

ஐம்பத்தேழில் லிவர்பூல் கப்பல் பாதி அணியை ஏற்றிக்கொண்டது.
மிச்சம் பதினொருவர்.
இளைய பாதிரியார் பொய்ப் பெயரில் இறங்கினார்;
சனிக்கிழமை பாவமன்னிப்பு கொடுத்தவனையே
ஞாயிறு தோளால் இடித்து வேலிக்கு அனுப்பினார்.
எண்பத்தாறில் பெண்கள் நாங்கள் மட்டை எடுத்தபோது
ஆண்கள் மிதித்து முடித்த சேறு எங்களுக்குக் கிடைத்தது.
அந்தச் சேற்றில்தான் மாவட்டக் கோப்பை வந்தது,
ஊருக்கு வந்த ஒரே கோப்பை.
மதுக்கடைச் சுவரில் அதற்கு இடம் கிடைக்க நாலு வருடம்.

போன செவ்வாய் மின்சாரம் போயிற்று.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்,
நாற்பத்தெட்டாம் பக்கத்தில் தழும்புகள்:
போன பக்கத்துப் பேனா அழுத்திய தடம்.
மூக்கு தாளில் முட்ட எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

புல் விதை, பதினான்கு பவுண்டு.
சுண்ணாம்பு, ஒரு மூட்டை.
லேஸியின் பசுவை மைதானத்தில் கட்டக் கூடாது.
கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கையொப்பம்,
ஒன்று டூஹி, ஒன்று கார்வன்.

அவ்வளவுதான்.
கத்தி வைத்தவனுக்கு
கடிதம் எழுத ஒரு வெள்ளைத் தாள்தான் வேண்டியிருந்ததோ,
பசுவின் மேல்தான் கோபமோ.

குழுவில் சொன்னேன்.
"அது அந்தப் பக்கம் இல்லை" என்றார் மலாக்கி கார்வன்.
"இல்லவே இல்லை" என்றார் எதிர் நாற்காலி டூஹி.
நூறு வருடத்தில் முதல் முறையாக
இருவரும் ஒத்துப்போனதை
குறிப்பேட்டில் ஏற்றினேன்.

கோல்கீப்பர் தியாகோ, பதினாறு வயது,
இறைச்சி ஆலைக்கு வேலைக்கு வந்த பிரேசில் வீட்டுப் பையன்,
கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்:
பசு என்ன ஆயிற்று?
எனக்குத் தெரியவில்லை.

மலருக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறேன்:
1923இல் புல் விதைத்தார்கள்.
முளைத்ததா என்று சந்தேகம் உள்ளவர்கள்
ஞாயிறு மூன்று மணிக்கு வந்து
காலணியைக் கழற்றிவிட்டு நிற்கட்டும்.