தலைக்கு மேல் மூன்று அங்குலம்

செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம்
பன்னிரண்டுக்குப் பத்தில் சுவர் எழும்பி
வானத்தைப் பார்த்து நிற்கிறது
ஒன்பது நாளாக.

"மேல என்னம்மா போடறது?"
கேட்டுவிட்டுப் போனார் கொத்தனார் பச்சமுத்து.
அதற்குப் பிறகு இந்த வீட்டில்
வேறு பேச்சில்லை.

வழுதி ஷீட் என்கிறார்.
நீலத் தகடு, இரண்டே நாள் வேலை,
பைப் வெல்டிங் செய்ய சிநேகிதர் இருக்கிறார்,
வண்டி வாடகை மிச்சம்.
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கூட்டிக் காட்டினார்.
கூட்டல் சரிதான்.

தானே புயல் அடித்த காலை
பெரியாஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் நின்றவள் நான்.
கரண்ட் இல்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தையலுக்கு வெளிச்சம் காட்டினேன்.
முன்கை, தோள்பட்டை, ஒரு பையனின் காது.
எதனால் வெட்டு என்று பதிவேட்டில் எழுத வேண்டும்.
ஷீட், ஷீட், ஷீட் என்று எழுதிக் கை வலித்து
அதற்குக் கீழே
மேற்படி, மேற்படி என்று
பக்கம் முடியும்வரை.

"ஓடு போடலாம்மா, அழகாருக்கும்"
போனை நீட்டினாள் நறுமுகை.
படத்தில் பாண்டிச்சேரி காபிக்கடை ஒன்று,
மாடத்தில் பூனை.
ஓட்டுக்குச் சரிவு வேண்டும்.
உயரும் பக்கம் சமையற்கட்டு ஜன்னலை விழுங்கும்.
தாழும் பக்கம் ஐப்பசி முழுவதையும்
மெஹருன்னிசா அக்கா சுவரில் ஊற்றும்.
அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.
ஒன்றும் சொல்லாதவர்களிடம்தான்
பயப்பட வேண்டியிருக்கிறது.

"தளம் போட்டுட்டா
நாளைக்கு மேல ஒரு ரூம் எடுத்துக்கலாம்."
எல்லாக் கொத்தனாரும் சொல்வது.
சிமெண்ட் தீர்ந்தாலும் மணல் தீர்ந்தாலும்
நாளைக்கு மட்டும் அவர்களிடம்
எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

"பகல் பூரா வெயிலைக் குடிச்சிட்டு
ராத்திரி பூரா கக்கும் தளம்.
அதுல எவன் படுப்பான்?"
என்றார் வழுதி.

எவன்?
அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பிடிபட்டது.
இந்த அறை
நைட் டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டவளுக்கு.
குக்கர் விசிலுக்கும் மீன்காரர் குரலுக்கும் நடுவே
கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு
எட்டரைக்குப் படுத்து மூன்றுக்கு எழுகிறவளுக்கு.
அதுவரை தளம் மெல்லத்தான் குடிக்கும்.
அது கக்கத் தொடங்கும் நேரம்
நான் வார்டில்
யாருடைய குளுக்கோஸ் பாட்டிலிலோ
சொட்டு எண்ணிக்கொண்டிருப்பேன்.
சொன்னேன்.
அவர் பால் நோட்டை மூடினார்.

ஜன்னல் மிச்சமிருந்தது.
"பழைய சுவருக்கும் புதுத் தளத்துக்கும் நடுவுல
ரெண்டடி விட்டுடுங்க."
"மழை உள்ள வருமே?"
"வரட்டும். சமையற்கட்டுக்கு
சாயங்காலம் வேணும்."
பச்சமுத்து என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு
காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.
தளத்தின் வாட்டம் தெற்கே,
எங்கள் முருங்கைக்கு.

கான்கிரீட் போட்ட மறுநாள்
ஓரத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள்.
இருபத்தோரு நாள் முட்டைத் தொடக்கூடாது.
நான்காம் நாள் காலையே
பாயை எடுத்துப் போய்விட்டேன்.
சவுக்குக் கால்கள் இரண்டின் இடைவெளி
சரியாக என் அகலம்.
கதவு இல்லை. ஈரச் சிமெண்ட் வாசனை.
பார்த்தால் பச்சமுத்து திட்டுவார்.

கெடிலம் இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறது,
கட்டில் கால்வரை, ஒருமுறை ஸ்விட்ச் போர்டு வரை.
எப்போதும் கீழிருந்துதான் வரும்.
இப்போது தலைக்கு மேலே
மூன்று அங்குலத் தண்ணீர்,
நிற்கச் சொன்ன இடத்தில் நின்றுகொண்டு.

அந்த இரண்டடி வழியாக
காகம் ஒன்று குளிக்கும் சத்தம்.
சொட்டு ஒன்று காலில் விழுந்தது.
முட்டுகளை எண்ணத் தொடங்கினேன்.
ஆறுவரை ஞாபகம்.