மன்னவனூர், காலை எட்டரை

குப்பிக்குள் ஒரு சிலந்தி.
நாற்பது நாளாய்ப் பதிவேட்டில் 0.0.
புள்ளிக்குப் பின்னால் வரும் சைபரில்தான்
பேனா கொஞ்சம் தயங்கும்.

மதுரையிலிருந்து இன்பசேகர் பேசினார்.
"செயற்கைக்கோள் படத்துல
உங்க பக்கம் பச்சையாத்தானே இருக்கு மேடம்,
வறட்சிப் பட்டியல்ல எப்படிச் சேக்குறது?"

பச்சைதான் சார்.
வாட்டில் மரத்துக்கு வேர் நீளம்,
சோலையின் மடிக்குள் கைவிட்டுக் குடிக்கும்.
மேலேயிருந்து பார்த்தால்
இது மழை பெய்த ஊர்.

கீழே வேல்மயிலின் பூண்டு
விரலளவில் நின்றுவிட்டது.
ஓடையில் குழாய் போட்டிருந்தவர்
சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.
தடுப்பணைச் சேற்றை நக்கிய காட்டெருமை
தலைதூக்கி என்னைப் பார்த்தது,
கணக்கு எழுதுகிறவள் நான்தான் என்று
யாரோ சொல்லிவிட்டதுபோல.

நேற்றிரவு மூடுபனி இறங்கியது.
புனலின் விளிம்பில் ஈரம்;
விரலில் ஒட்டும், குப்பிக்குள் இறங்காது.
அதற்கு விதிப்புத்தகத்தில் ஒரு சொல் உண்டு:
சுவடு.

எழுதினால்
அலுவலகத்தில் யாராவது
அதையும் மழையென்று கூட்டிவிடலாம்.
இருந்தது, எழுதினேன்.

பக்கத்துக் கட்டத்தில் இடமில்லை.
ஓரத்தில், பொடி எழுத்தில்:
அந்தப் பச்சை, வாட்டில்.