மடிப்புக்குள்

பிங்லியாங் ஆவணக்கூடத்தைப் பதினொன்றரைக்குப் பூட்டிவிடுவார்கள்.
அதற்குள் பார்த்தாக வேண்டும் அந்த ஒற்றை வரியை:
‘மியாவ் வீட்டு விதவை. கழுதை ஒன்று. திருப்பித் தரப்பட்டது.’

ஏட்டுக் கழுதை பொதி சுமக்காது என்று யார் சொன்னது?
மூன்று ஆய்வேடுகளைச் சுமந்திருக்கிறது இது.
வரிக்கொடுமை என்றார் தௌ ஜிங்ஷூ.
பெண்ணின் சொத்துரிமை என்றேன் நான், நாற்பது பக்கம்.
லான்ஜோ கருத்தரங்கில் ஒருவர் எழுந்து
எழுத்தரின் கைப்பிழை, கழுதையே கிடையாது என்றார்.
தேநீர் ஆறும்வரை சண்டை.

இன்று தையல்நூல் இற்று
இரட்டைத் தாளின் மடிப்பு வாய் பிளந்தது.
உள்ளே,
வரி அலுவலகம் சிக்கனத்துக்கு வாங்கிய பழந்தாளில்
ஏதோ பிள்ளையின் கோணல் கை.
‘என்றென்றும்’ எனப் பொருள்படும் எழுத்து,
எல்லாக் கோடும் அதிலேயே பழகலாம் என்று
இருபத்தாறு முறை.
இருபத்தேழாவதில்
வலப்பக்கம் சாயும் கடைசி இழுப்பு இல்லை.
பிறகு வெறும் தாள்.

சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள்.
அல்லது அது மழை பொய்த்த வருடம்.

ஷுவே பெய்லான் சாவிக்கொத்தைக் குலுக்குகிறாள்:
“கழுதை கிடைச்சுதா, பேராசிரியரே?”

பேருந்து நிறுத்தத்தில் பனி.
கையுறையைக் கழற்றி, கண்ணாடித் தடுப்பின் ஆவியில்
அந்த ஒரு கோட்டை மட்டும் இழுக்கிறேன்.
வழிந்து இறங்குகிறது,
எழுத்தில்லாமல்.