விறகுக் கணக்கு

ஓலங்கா தேசியப் பூங்கா, செப்டம்பர் இறுதி.
பின்லாந்தின் அந்த வடகோடியில்
பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தும்
நிறுத்தச் சொல்லி மணியடிக்க ஆளில்லை.
நகரப் பேருந்து ஓட்டும் ராய்லிக்கு
அதுவே விடுமுறை.

பூட்டில்லாத மரக்குடில்.
அடுப்புச் சாம்பலில் விரலை விட்டாள்:
இன்னும் இளஞ்சூடு.
பக்கத்தில் பிர்ச் விறகு அடுக்கியிருந்தது,
பற்றவைக்க மேலே ஒரு சுருள் பட்டை.

பதிவேட்டில் கடைசி வரி:
"மழை. எலி ஒன்று உண்டு. தொந்தரவில்லை."
பெயரில்லை.

யாரையும் பார்க்காமலிருக்கத்தான் வந்தாள்.
யாரோ பிளந்த கட்டையில்
காலுறை காய்கிறது, கஞ்சி கொதிக்கிறது.
வெட்டெல்லாம் மறுபக்கம் சாய்ந்திருப்பதைத்
தூக்கம் சொக்கும்போதுதான் கவனித்தாள்.
இடதுகைக்காரர்.

எலி வந்தது.
ரொட்டித் துணுக்கொன்றை வாடகையாய்
எடுத்துப் போனது.

விடிந்ததும் கோடரி.
எரித்தது பதினொன்று,
பிளந்தது பதினாறு,
அதில் மூன்று கோணல்.
உள்ளங்கையில் கொப்புளம்,
சரியாக ஸ்டியரிங் பிடிக்கும் இடத்தில்.

பேனா எழுதவில்லை. பென்சில்.
"கதவு மழைக்கு இறுகும், தோளால் தள்ளவும்.
எலி நலம்."
பெயரெழுதப் போனவள்
கொஞ்சம் யோசித்து
"வலதுகை" என்று போட்டாள்.